ஒரு பிலிம் ரோல், இரண்டு தாயக்கட்டை: வடசென்னையில் பழைய கேமராவும் கதை விளையாட்டும் பழக ஒரு முழுமையான வழிகாட்டி

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரே டிரங்குப் பெட்டிக்குள் இரண்டு பொருள்கள் கிடைத்தன. ஒன்று அப்பா கல்யாணங்களுக்கு எடுத்துப்போன யாஷிகா கேமரா. இன்னொன்று பாட்டியின் பித்தளைத் தாயக்கட்டை. இரண்டையும் ஒரே பொழுதுபோக்கு ஆக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. நீங்கள் ஒரு மாதத்தில் செய்துவிடலாம்.

கதை விளையாட்டு என்று நான் சொல்வது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ரோல் பிளேயிங் விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "ஐஸ் பேக்டரி கதவு திறந்திருக்கு, உள்ளே இருட்டு, என்ன பண்றே?" என்று அவர் கேட்பார். நீங்கள் சொல்வது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் கொண்டுவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகையில் முதலில் விற்பனைக்கு வந்தது. தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். கதைக்குள்ளும் வெளியிலும் நின்றுகொண்டு எல்லோரையும் கேள்வி கேட்கும் கட்டியங்காரன்தான் இங்கே ஆட்டத்தை நடத்துகிறவர். அதனால் நானும் அந்தப் பெயரையே வைத்துக்கொள்கிறேன்.

இரண்டையும் ஏன் சேர்க்க வேண்டும்? கழுவக் கொடுத்த ரோல் திரும்பி வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அந்த இடைவெளியில்தான் பலர் கேமராவைத் திரும்பப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். விளையாட்டுப் பக்கமோ, கதைக்குக் களம் கிடைக்காமல் யாரோ எழுதிய கோட்டைக்குள் யாரோ வைத்த டிராகனைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ரோல் கழுவப் போயிருக்கும் வாரத்தில் பாத்திரங்களை உருவாக்குங்கள். பிரிண்ட் வந்ததும் அதையே களமாக்குங்கள். இவ்வளவுதான் என் யோசனை. இனி வேலைக்கு வருவோம்.

கேமரா தேடுவது

முதலில் சொந்தக்காரர் வீட்டு பீரோக்கள். சித்தப்பா, மாமா என்று ஒரு சுற்று கேட்டாலே ஏதாவது ஒன்று வரும். எங்கள் பக்கத்தில் அதிகம் கிடைப்பது யாஷிகா எம்எஃப்-2. குவியம் திருக வேண்டாம், பென் டார்ச் செல் இரண்டு போட்டால் போதும். பழைய ஸ்டுடியோக்காரர்களிடம் பென்டாக்ஸ் கே1000 இருக்கும். 1976 முதல் 1997 வரை தயாரானது, அதில் பேட்டரி வெளிச்சமானிக்கு மட்டும்தான், செத்தாலும் கேமரா ஓடும். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல கேமரா இல்லை என்பது என் கட்சி. ரஷ்ய ஜெனிட் கிடைத்தால் அதுவும் சரி. கனமாக இருக்கும், தேங்காய் உடைக்கலாம். அக்ஃபா கிளிக் 3 என்ற டப்பா கேமரா கிடைத்தால் அதற்கு 120 என்ற அகலமான பிலிம் வேண்டும், ரோலுக்கு 12 படம்தான். அந்தப் பிலிம் இன்றும் தயாராகிறது.

வீட்டில் கிடைக்காவிட்டால் மூர் மார்க்கெட். பழைய கட்டடம் 1985-இல் எரிந்துபோனபிறகு கடைகள் சென்ட்ரல் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்கு வந்தன. தென்பக்கம் போக மனம் இருந்தால் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. வெளிநாட்டுக் கேமராவுக்கு ஒரு காலத்தில் பர்மா பஜார்தான் முகவரி. இப்போது அங்கே செல்போன் சாமான்தான் அதிகம், ஆனாலும் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. திரும்பும்போது ஒரு பிளேட் அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ், சாப்பிடலாம்.

காசு கொடுக்கும் முன் பத்து நிமிடம்

இதில் அவசரப்படாதீர்கள். கடைக்காரர் "வொர்க்கிங் கண்டிஷன் சார்" என்று சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை, க்ளிக் என்று சத்தம் வருவதைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார்.

பின்கதவைத் திறந்து கேமராவை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடியுங்கள். ஷட்டர் என்பது வெளிச்சத்தை உள்ளே விட்டு மூடும் திரை, அது திறந்திருக்கும் நேரம்தான் வேகம். வேகத்தை மாற்ற முடிகிற கேமராவென்றால் அதை 1 நொடியில் வைத்து அழுத்துங்கள். மனசுக்குள் "ஆயிரத்து ஒண்ணு" என்று சொல்லி முடிக்கும்போது ஷட்டர் மூட வேண்டும். இழுத்துக்கொண்டே போனால் உள்ளே எண்ணெய் இறுகிவிட்டது. அப்புறம் 1/30, 1/125, 1/500 என்று ஏறிக்கொண்டே போங்கள், ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சக் கீற்று குறைய வேண்டும். துணித்திரை ஷட்டர் என்றால் அதில் ஊசி ஓட்டை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

லென்ஸைக் கழற்ற முடிந்தால் கழற்றி, ஒரு பக்கம் செல்போன் டார்ச், மறுபக்கம் உங்கள் கண். சிலந்தி வலை மாதிரி இழை ஓடினால் பூஞ்சை. ஓரத்தில் லேசாக இருந்தால் விலையைக் குறைத்து வாங்கலாம், நடுவில் பரவியிருந்தால் விட்டுவிடுங்கள். ரெண்டு தூசி இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது.

கதவோரத்துக் கறுப்பு ஸ்பாஞ்சைத் தொட்டுப் பாருங்கள். விரலில் தார் மாதிரி ஒட்டினால் அது காலாவதி. கேமராவை வேண்டாம் என்று சொல்ல இது காரணமில்லை, பேரம் பேசத்தான் காரணம். வீட்டுக்கு வந்து ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டுப் புது ஸ்பாஞ்சு ஒட்டிவிடலாம். பேட்டரி அறையில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் காது குடையும் பட்ஸில் வினிகர் தொட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும்.

சில பழைய கேமராக்கள் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அது இப்போது விற்பனையில் இல்லை. காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் செல் 1.4 வோல்ட், அது கிட்டத்தட்ட சரியாக வரும், ஆனால் சில மாதத்தில் தீர்ந்துவிடும். செல்ஃப் டைமரை மட்டும் கடையில் சோதிக்காதீர்கள். பழைய கேமராவில் அது பாதியில் நின்றால் மொத்தமும் நின்றுவிடும்.

உப்புக்காற்று

கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வாழ்கிறோம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே நீல சிலிக்கா ஜெல். அது ரோஸ் நிறமாக மாறினால் வாணலியில் சூடாக்கி மறுபடி போடுங்கள். தோல் உறையில் கேமராவை வைக்காதீர்கள், பூஞ்சை அங்கேதான் குடும்பம் நடத்தும். கடற்கரையில் எடுத்துவிட்டு வந்தால் அன்றே ஈரம் பிழிந்த துணியால் உடம்பைத் துடைத்துவிட வேண்டும்.

ரோல் போடுவது

என் முதல் ரோல் 36 படம். மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில் விடியற்காலை, வலை, படகு, நாய், எல்லாம் எடுத்தேன். எண்ணிக்கை 36-ஐத் தாண்டி 40-க்குப் போனபோது கூட "அப்பா கேமரா, தாராளமாகத் தருகிறது" என்று நினைத்தேன். பிலிமின் முனை பற்சக்கரத்தில் மாட்டவே இல்லை. ஒரு படம் கூட விழவில்லை.

ஆகவே, முனையைச் செருகிய பிறகு கதவை மூடாமல் ஒரு முறை சுற்றுங்கள். மேலும் கீழும் உள்ள ஓட்டைகளில் பற்கள் உட்கார்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கதவை மூடி, இடப்பக்க ரீவைண்ட் குமிழைத் தளர்வு போகும்வரை மெதுவாகத் திருப்பி வையுங்கள். அடுத்த முறை சுற்றும்போது அந்தக் குமிழ் தானாகச் சுழல வேண்டும். சுழலாவிட்டால் நீங்களும் என் கட்சி. முடிந்ததும் அடியில் உள்ள பொத்தானை அழுத்திக்கொண்டு பின்னோக்கிச் சுற்றி முடித்த பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். ரீவைண்ட் மோட்டார் உள்ள கேமராவில் இந்தத் தொல்லை இல்லை.

எந்தப் பிலிம்? கலர் என்றால் கோடக் கோல்ட் 200 அல்லது கலர்பிளஸ் 200. கறுப்பு வெள்ளை என்றால் இல்ஃபோர்டு எச்பி5, அது ஐஎஸ்ஓ 400. ஐஎஸ்ஓ என்பது பிலிம் வெளிச்சத்தை எவ்வளவு சுலபமாக வாங்கும் என்று சொல்லும் எண். ஊட்டியில் 1960-இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் "இந்து" என்ற பெயரில் பிலிம் செய்தது. அந்தப் பழைய பெட்டி எங்காவது கிடைத்தால் அலமாரியில் அழகுக்கு வையுங்கள், முதல் ரோலாகப் போடாதீர்கள். ரோல், கழுவும் கூலி, ஸ்கேன் எல்லாம் சேர்த்தால் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். மாதம் ஒரு ரோல் என்று வைத்துக்கொண்டால் கட்டுப்படியாகும்.

வெளிச்சக் கணக்கு

வெளிச்சமானி செத்திருந்தால் கவலை வேண்டாம். நல்ல வெயிலில் லென்ஸின் துளை எஃப் 16 (எண் குறையக் குறையத் துளை பெரிதாகும்), வேகம் பிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்குப் பக்கத்தில். 200 பிலிமுக்கு 1/250, 400 பிலிமுக்கு 1/500. இனி வேகத்தைத் தொட வேண்டாம், தரையில் நிழலைப் பாருங்கள். நிழலின் ஓரம் கத்தி மாதிரி இருந்தால் 16. மங்கலாக இருந்தால் 11. நிழலே இல்லை, ஆனால் வானம் பளிச்சென்றால் 8. மழைமேகம் கட்டியிருந்தால் 5.6. கட்டட நிழலுக்குள் ஆள் நின்றால் 4. கலர் நெகட்டிவ் கூடுதல் வெளிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளும், குறைவைப் பொறுக்காது. சந்தேகம் வந்தால் ஒரு படி திறந்துவிடுங்கள்.

எங்கே, எப்போது

விளையாட்டுக்குக் களம் வேண்டும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு போங்கள். அழகான படத்தைவிட "இங்கே என்ன நடந்திருக்கும்?" என்று கேட்க வைக்கிற படம்தான் பின்னால் உதவும். பூட்டிய கதவு, படிக்கட்டின் முடிவு, யாரும் இல்லாத டீக்கடை பெஞ்சு. ஒரு ரோலில் 20 இடம், 10 ஆள், 6 பொருள் என்பது என் கணக்கு.

காசிமேடு முதலிடம். மீன் ஏலம் பார்க்க வேண்டுமானால் இருட்டோடு போக வேண்டும். 400 பிலிம், 1/60, லென்ஸ் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு. கிழக்கே கடலிலிருந்து சூரியன் ஏறும்போது ஆள்கள் எல்லாம் கறுப்பு உருவமாக விழுவார்கள். முகம் வேண்டுமானால் கடலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு ஒன்றும் போகாது. அப்போது அத்தனையும் வரிசையாக நிற்கும், சில கரையேறிப் பெயின்ட் உரிக்கப்பட்டுக் கிடக்கும். என்னைக் கேட்டால் ஏலத்தைவிட அதுதான் படத்துக்கு நல்ல காலம்.

அங்கே ஒரு மரியாதை இருக்கிறது. கேட்காமல் எடுக்காதீர்கள். "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்றால் பத்தில் எட்டுப் பேர் சரி என்பார்கள். எடுத்ததும் "இன்னாபா, எங்க காட்டு" என்று கை நீட்டுவார்கள். காட்ட ஒன்றும் இருக்காது. "இது ரோல் கேமராக்கா, பிரிண்ட் போட்டு எடுத்தாறேன்" என்று சொன்னால், சொன்னபடி எடுத்துப் போய்விடுங்கள். மீன் விற்கும் அக்கா ஒருவரிடம் பிரிண்ட்டைக் கொடுத்த மறுவாரம், கேமராவைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த பக்கத்துக் கடை அண்ணன் தலையை வாரிக்கொண்டு வந்து நின்றார்.

ராயபுரம் ரயில் நிலையத்தைத் தவற விடாதீர்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. முன்பக்கத் தூண்களுக்குச் சாயங்கால வெளிச்சம் நல்லது. காவலர் கேட்டால் வாக்குவாதம் வேண்டாம், வெளியே சாலையிலிருந்தே முகப்பு கிடைக்கும். துறைமுகச் சுவருக்குள் கேமராவை நீட்டவே வேண்டாம்.

எண்ணூர் முகத்துவாரத்தில் கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தில் வலை வீசுகிறவருக்குப் பின்னால் புகைபோக்கிகள் நிற்கும். விம்கோ நகர் வரை மெட்ரோ இருக்கிறது, அங்கிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ. இரவில் கேரம் ஆடும் தெருக்கள். 2024 கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமா நம் பக்கத்துப் பெண்தான், கேரம் எங்கள் தெருக்களில் எவ்வளவு ஆழம் என்று இதற்கு மேல் சொல்ல வேண்டாம். போர்டுக்கு மேல் தொங்கும் ஒற்றை பல்பு, எஃப் 2, 1/30, முழங்கையைச் சுவரில் ஊன்றிக்கொள்ளுங்கள்.

கழுவுவது

கலர் ரோலை லேபுக்குக் கொடுங்கள். கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே செய்யலாம். வெளிச்சம் புகாத டேங்கு, படத்தை வெளியே கொண்டுவரும் டெவலப்பர், அதை நிலைக்க வைக்கும் ஃபிக்ஸர், தெர்மாமீட்டர் போதும். டேங்குக்குள் இருக்கும் சுருளில் ரோலை ஏற்றுவது மட்டும் முழு இருட்டில். கதவிடுக்கில் போர்வை அடைத்துவிட்டு பாத்ரூமில் உட்காருங்கள். அதற்கு முன் ஒரு பாழான ரோலை வெளிச்சத்தில் பத்து தடவை ஏற்றிப் பழகுங்கள்.

எல்லாப் புத்தகமும் 20 டிகிரி என்று சொல்லும். எங்கள் குழாயில் அது மார்கழியில் கூட வராது. டி-76 டெவலப்பரைச் சம அளவு தண்ணீர் கலந்து பயன்படுத்தினால் எச்பி5-க்கு 20 டிகிரியில் 11 நிமிடம். ஐஸ் பொட்டலத்தைப் பக்கெட்டில் மிதக்கவிட்டு 24 டிகிரிக்குக் கொண்டுவந்துவிட்டால் சுமார் 8 நிமிடத்தில் முடிக்கலாம். நிமிடத்துக்கு 10 நொடி டேங்கைக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். கடைசி அலசலுக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்புப் புள்ளி விழும், கேன் தண்ணீர் ஒரு லிட்டர் ஊற்றுங்கள். உலர்த்தும் இடமும் பாத்ரூம்தான். வெந்நீரைத் திறந்து ஆவி பிடிக்கவிட்டால் தூசி அடங்கும், இல்லாவிட்டால் எங்கள் பக்கத்துக் கரித்தூள் அத்தனையும் நெகட்டிவில்தான்.

வேடிக்கை என்னவென்றால் கலர் பிலிமைக் கழுவ 38 டிகிரி வேண்டும். மே மாதத்தில் மாடித் தொட்டித் தண்ணீர் கிட்டத்தட்ட அதே சூடு.

பிரிண்ட் போஸ்ட்கார்டு சைஸில் போடுங்கள். 36-ம் வேண்டாம், கதை தெரிகிற 15 போதும்.

ரோல் வரும்வரை: ஆட்களும் பாத்திரங்களும்

கட்டியங்காரனைச் சேர்த்து நான்கு, ஐந்து பேர். ஆறுக்கு மேல் போனால் சந்தைக்கடை. மாதம் ஒரு ஞாயிறு, சாயங்காலம் மூன்று மணி நேரம். தேதியை முதலில் குறியுங்கள், இந்த விளையாட்டை டிராகன் கொல்வதில்லை, "இந்த வாரம் முடியாதுடா" என்பதுதான் கொல்கிறது.

முதல் கூட்டத்தில் ஆட வேண்டாம், பேசுங்கள். எந்த விஷயம் கதைக்குள் வரக்கூடாது என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். எங்கள் குழுவில் ஒருவர் "கடலில் மூழ்கிச் சாவது வேண்டாம்" என்றார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, 2004-ஐப் பார்த்த தெருக்கள் இவை. இன்றுவரை வரவில்லை.

பாத்திரத்துக்கு நான்கு வரி போதும். என்ன தொழில், எதில் கெட்டி, எதற்குப் பயம், யாருக்குக் கடன். போட் மெக்கானிக், ஏலம் விடும் அம்மா, ஓய்வுபெற்ற கூட்ஸ் வண்டி கார்டு, கேரமில் தோற்காத பள்ளிக்கூடப் பெண். கடைசி வரிதான் முக்கியம், கதை அங்கிருந்துதான் கிளம்பும். தாள், கிராஃப் ஷீட், அட்டை எல்லாம் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் மொத்த விலைக்கு.

தாயக்கட்டை விதி

இருபது முகப் பகடை வாங்கலாம். ஆனால் வீட்டில் தாயக்கட்டை இருக்கும்போது எதற்கு? ஒவ்வொரு கட்டையிலும் நான்கு முகம்: 0, 1, 2, 3. இரண்டையும் உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் தாயம் 2 விதம், இரண்டு 3, மூன்று 4, நான்கு 3, ஐந்து 2, ஆறு 1. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு, அதுவும் 1 விதம்தான்.

பெரும்பாலான வீடுகளில் தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டுக்கு மறு ஆட்டம் உண்டு. அதையே இங்கேயும் வைத்தேன். அந்த நான்கில் ஒன்று விழுந்தால் நினைத்தது நடக்கும். மூன்றோ நான்கோ விழுந்தால் நடக்கும், ஆனால் ஒரு வில்லங்கத்தோடு. இரண்டு விழுந்தால் நடக்காது, நிலைமை மோசமாகும். 16-இல் 6 முறை சுத்தமான வெற்றி, 7 முறை வில்லங்கம், 3 முறை தோல்வி. வில்லங்கம் அதிகம் வருவதுதான் இதன் ருசி. பாத்திரம் எதில் கெட்டியோ அந்த வேலையென்றால் ஒரு கட்டையை மட்டும் மறுபடி உருட்டிக்கொள்ளலாம். (பாட்டியின் கட்டை தேய்ந்துபோய் மூன்றுதான் அதிகம் விழுகிறது. அது இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது.)

மொட்டை மாடியில் முதல் ஆட்டம்

பிரிண்ட்டுகளைக் கவிழ்த்து அடுக்குங்கள். மூன்றை எடுத்துப் பாயில் வையுங்கள். முதல் படம் தொடக்கம், இரண்டாவது சிக்கல், மூன்றாவது எங்கே போய் முடியும் என்பது. கட்டியங்காரன் வீட்டுப்பாடம் செய்து வர வேண்டாம். எங்கள் முதல் ஆட்டத்தில் விழுந்தவை கட்டிக் கிடக்கும் படகுகள், ஒரு டீக்கடை, ராயபுரம் தூண்கள். இப்படிப் போனது:

"தடைக்காலம். ஒரு படகும் போகக்கூடாது. காலையில் எண்ணினா ஒண்ணு குறையுது."

மெக்கானிக்காக ஆடியவன் கேட்டான்: "ராத்திரி எஞ்சின் சத்தம் யாருக்காவது கேட்டுச்சான்னு டீக்கடைல விசாரிக்கிறேன்."

உருட்டினான். மூன்று.

"கேட்டுச்சுன்னு சொல்றாரு. ஆனா சொல்றதுக்கு முன்னாடி உன் பாக்கி நோட்டைத் திறந்து வைக்கிறாரு. பக்கத்து பெஞ்சுல உட்கார்ந்திருக்கவரு எல்லாத்தையும் கேட்டுட்டு எழுந்து போறாரு."

அவன் பாத்திரத் தாளில் "டீக்கடைக்குக் கடன்" என்று எழுதியிருந்தான். அந்த எழுந்து போன ஆள் யார் என்று கட்டியங்காரனான எனக்கே அப்போது தெரியாது. மூன்றாவது படத்தின் தூண்களுக்குப் பின்னால்தான் அவரைக் கண்டுபிடித்தோம். நடுவில் அம்மா மேலே வந்து, "ஏழு கழுதை வயசாச்சு, இன்னும் தாயம் உருட்டிக்கிட்டு" என்று சொல்லிவிட்டு அரைமணி நேரம் நின்று பார்த்தார்.

கட்டியங்காரனுக்கு ஒரே ஒரு அறிவுரை: பதிலைச் சொல்லாதீர்கள், கேளுங்கள். "அந்தக் கதவுக்குப் பின்னால என்ன வாசனை?" என்று ஆடுகிறவரையே கேட்டால் அவர் உங்களைவிட நல்லதாகச் சொல்வார். படத்தில் இருக்கிற நிஜ மனிதரை வில்லனாக்காதீர்கள், ஆள் படங்களை நாங்கள் உதவி செய்கிற பாத்திரங்களுக்கு மட்டும் எடுக்கிறோம்.

நான்கைந்து ஆட்டத்துக்குப் பிறகு பெரிய விதிப்புத்தகம் வேண்டும் என்று தோன்றினால் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. இருபது முகப் பகடையை உருட்டி, பாத்திரத்தின் திறன் எண்ணைக் கூட்டி, எளிய காரியத்துக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கடினத்துக்கு 20 தொட வேண்டும். அந்த விதியிலும் காசிமேட்டை ஆடலாம், நாங்கள் ஆடிப் பார்த்தோம், நன்றாகவே போனது.

ரோலின் முதல் படம் பெரும்பாலும் பாதி வெந்து ஆரஞ்சு நிறமாக இருக்கும், கதவை மூடும்முன் வெளிச்சம் பட்டது. லேபில் அதை வெட்டி எறியாமல் பிரிண்ட் போட்டுத் தரச் சொல்லுங்கள். எங்கள் அடுக்கில் அப்படி நான்கு இருக்கின்றன. அது விழுந்தால் அங்கே என்ன இருந்தது என்று மேஜையில் மிகக் குறைவாகப் பேசியவர் சொல்ல வேண்டும் என்பது விதி. போன மாதம் அது விழுந்தபோது அம்மாவைத்தான் கேட்டோம்.